பல கலை, ஒரு கை: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட கலையில் கை வைத்திருப்பவர்கள் எழுதியவை. கேன்வாஸ் ஓவியர் சுவருக்குப் போயிருக்கிறார். நீர்வண்ணக்காரர், மெழுகும் சாயமும் கொண்டு வரையும் பத்தேக் துணிக்குப் போயிருக்கிறார். துணிச்சலைப் பாராட்டுகிறோம். ஆனால் வந்த சிக்கல்கள் பலவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: ஒரு பொருளிடம் கற்ற பழக்கத்தை இன்னொரு பொருளின் மேல் அப்படியே போட்டுப் பார்த்தது. அதை மனத்தில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறோம்.

கேள்வி: நண்பரின் பழைய கடைவீட்டுப் பக்கச் சுவரில் அக்ரிலிக் வண்ணத்தில் 12 அடிக்கு 10 அடி படம் வரைந்தேன். கேன்வாஸில் எனக்குப் பத்து ஆண்டுப் பழக்கம் உண்டு. எட்டே மாதத்தில் படத்தின் கீழ்ப்பகுதி கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிகிறது. மேலே வார்னிஷ் அடித்தால் நிற்குமா?
— வாசகர், ஜோர்ஜ்டவுன்

பதில்: வார்னிஷ் அடிக்காதீர்கள். உரிவது இன்னும் வேகமாகும்.

பினாங்கு ஜோர்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிச் சுண்ணாம்பாலேயே பூசியவை. இன்றைய கட்டடங்களில் இருப்பது போல ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு அவற்றின் அடித்தளத்தில் இல்லை. நிலத்து ஈரம் செங்கல் வழியாக மூன்று அடி வரை தாராளமாக ஏறும். நம் வீட்டுப் பெரியவர்கள் இதைத்தான் ஓதம் என்பார்கள். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். சுவர் அப்படித்தான் நூறு ஆண்டு தாங்கியது. நீங்கள் அதன் மேல் போட்டிருக்கும் அக்ரிலிக் ஒரு பிளாஸ்டிக் படலம். ஈரம் வெளியேற வழி குறைகிறது, கரைந்து வந்த உப்பு படலத்துக்குப் பின்னால் படிகமாகி அதைத் தள்ளுகிறது. அதனால்தான் கீழ்ப்பகுதி முதலில் போயிற்று. உங்கள் வண்ணத்திலோ கையிலோ குறையில்லை.

முதலில் உரிந்த பகுதியைத் தட்டைக் கரண்டியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். வெளியே தெரியும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி சுவருக்குள் போய்விடும். பிறகு ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்புறம் நீர்த்துளி நின்றால் சுவர் இன்னும் ஈரம். துளி நிற்காதவரை காத்திருங்கள், தேவையானால் வாரக்கணக்கில். பெயர்ந்த பூச்சைச் சிமெண்டால் அடைக்க வேண்டாம். சிமெண்டு ஈரத்தைப் பக்கவாட்டில் தள்ளி, அடுத்த இடத்தை உரிக்கும். ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து, ஒவ்வொரு முறையும் 10 மில்லிமீட்டருக்கு மிகாமல் பூசுங்கள்.

மறுபடி வரைய இரண்டு வழி உண்டு. ஒன்று, சுவரோடு ஒத்துப்போய் ஈரத்தை வெளியே விடும் வண்ணம். சிலிகேட் பெயிண்ட் நல்லது, ஆனால் விலை அதிகம். சுண்ணாம்பு நீரில் நிறமி கலப்பது மலிவு. பால் பதத்தில் கரைத்து, ஒவ்வொரு பூச்சுக்கும் முன் சுவரை லேசாக நனைத்து, ஒரு நாள் இடைவெளியில் நான்கைந்து பூச்சு கொடுக்க வேண்டும். நிறமி சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் காய்ந்த பிறகும் கையில் ஒட்டும். காவி, மஞ்சள் ஓக்கர், அம்பர், இரும்பு ஆக்சைடுக் கறுப்பு ஆகியவை சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். பிரஷ்ய நீலம் தாங்காது, பழுப்பாகிவிடும். ஒளிரும் இளஞ்சிவப்பும் ஒளிரும் மஞ்சளும் இந்த வெயிலில் முதலில் மங்கும் நிறங்கள். அவற்றை வெளிச்சுவரில் தவிருங்கள்.

மற்றொரு வழியைத்தான் நாங்கள் பரிந்துரைப்போம். படத்தைச் சுவரில் வரையாமல் 6 மில்லிமீட்டர் ஃபைபர் சிமெண்டுப் பலகைகளில் வரைந்து மாட்டுங்கள். சுவருக்கும் பலகைக்கும் இடையே 25 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். மேலும் கீழும் திறந்திருக்க வேண்டும், காற்று ஓடத்தான். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளைச் செங்கல்லில் போடாதீர்கள், செங்கற்களுக்கு இடைப்பட்ட சாந்தில் போடுங்கள். நாளை கழற்றினாலும் செங்கல்லுக்குச் சேதமில்லை. அங்கே உங்கள் அக்ரிலிக்கையே பயன்படுத்தலாம்.

பொருளையும் ஓவியத்தையும் சேர்க்க விரும்புகிறவர்கள் ஜோர்ஜ்டவுனின் அர்மேனியன் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். லிதுவேனியக் கலைஞர் எர்னெஸ்ட் சக்காரெவிச் 2012-ல் அங்கே சிறுவர் இருவரை வரைந்து நிஜச் சைக்கிளைச் சுவரோடு சேர்த்தார். அதைப் பின்பற்றுகிறவர்கள் மறந்துவிடுவது இரும்பின் துருவை. முதல் மழையிலேயே துரு வழிந்து படத்தின் மேல் பழுப்புக் கோடு இறங்கும். பொருத்தும் பாகம் எல்லாம் துருப்பிடிக்காததாக இருக்கட்டும்.

இன்னொன்று. நகரின் உலகப் பாரம்பரியப் பகுதிக்குள் வீட்டுக்காரர் சம்மதம் மட்டும் போதாது. வரையும் முன்பே பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தை அணுகுங்கள். வேலைக்குச் சனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். செப்டம்பர், அக்டோபர் அங்கே மழைக்காலம்.

கேள்வி: ஒரு பேரங்காடியில் தீபாவளிக்கு 10 அடி விட்டத்தில் வண்ண அரிசிக் கோலம் போடக் கேட்டிருக்கிறார்கள். மூன்று வாரம் இருக்க வேண்டுமாம். வாசலில் மாக்கோலம் போட்ட பழக்கம்தான் எனக்கு. எவ்வளவு அரிசி வாங்குவது, எப்படிச் சாயம் ஏற்றுவது?
— வாசகி, செந்தூல்

பதில்: 10 அடி விட்டம் என்றால் ஏறத்தாழ 7 சதுர மீட்டர். அரிசி 3 மில்லிமீட்டர் கனத்தில் பரவினால் தரை தெரியாது. அதற்கு 21 லிட்டர் அரிசி, அதாவது 17 கிலோ வேண்டும். சிந்துவது, கலப்பது, கடைசி நேரத்தில் நிறம் மாற்றச் சொல்வது எல்லாம் சேர்த்து 22 கிலோ வாங்குங்கள். எந்த நிறம் எத்தனை கிலோ என்பதை வரைபடத்தில் கட்டம் போட்டு எண்ணிக்கொள்ளுங்கள். பின்னணி நிறம்தான் எப்போதும் குறைந்துபோகும். இரண்டாம் முறை ஏற்றிய சாயம் முதல் முறையோடு ஒத்து வராது. எனவே பின்னணிக்கு மட்டும் கூடுதலாக இரண்டு கிலோ சாயமேற்றி வையுங்கள்.

ஒரு கிலோ அரிசிக்கு ஒரு தேக்கரண்டி உணவுச் சாயத்தூள், இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு தேக்கரண்டி வினிகர். சாயத்தைக் கரைத்து, அரிசியோடு தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் குலுக்குங்கள். தாளில் மெல்லியதாகப் பரப்பி மின்விசிறிக் காற்றில் காய விடுங்கள். வெயிலில் போட்டால் நிறம் வெளிறும். தண்ணீர் கூடினால் அரிசியின் மேல்மாவு கரைந்து கட்டி கட்டியாக ஒட்டும், இரண்டே நாளில் புளித்த வாடை வரும். குளிரூட்டிய மண்டபத்தில் அந்த வாடை சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். விரலை விரித்ததும் மணி மணியாக உதிர்ந்தால்தான் டப்பாவில் அடைக்கலாம். மூன்று வாரத்தில் வண்டு வரக்கூடும் என்பதால் பழைய இருப்பு அரிசி வேண்டாம். சாயமேற்றும் முன் வெள்ளை அரிசியை நல்ல வெயிலில் ஒரு நாள் காய வையுங்கள்.

வாசல் கோலத்தில் குனிந்த இடத்திலிருந்தே கை எட்டும். இங்கே நடுப்புள்ளி விளிம்பிலிருந்து ஐந்து அடி. எந்தக் கையும் எட்டாது. ஆகவே நடுவிலிருந்து தொடங்கி, பின்னோக்கி நகர்ந்தபடி வெளியே வாருங்கள். விளிம்பைப் போட்டுவிட்டு உள்ளே போக நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். தரையில் நேரடியாகப் போடாமல் மங்கலான பரப்புள்ள வினைல் விரிப்பின் மேல் போடுங்கள். பளபளப்பான தரையில் அரிசி வழுக்கும். நூலும் சாக்கட்டியும் வைத்து வட்டங்களை இழுத்து, எட்டாகவோ பதினாறாகவோ பிரித்த பிறகே அரிசியைத் தொடுங்கள். ஓரங்களை ஒரு பழைய வங்கி அட்டையால் தள்ளி நேராக்கலாம். அரிசியின் மேல் பசை தெளிப்பவர்கள் உண்டு. எங்களுக்கு அது பிடிக்கவில்லை. மினுமினுப்பு வந்து அரிசியின் அழகே போய்விடும், ஒரு மூலை கலைந்தால் திருத்தவும் முடியாது. குளிர்காற்று வரும் துளை கோலத்துக்கு நேர் மேலே இல்லாத இடமாக முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

கூலியைப் பொருளின் விலையை வைத்துச் சொல்லாதீர்கள். நான்கு பேர், அங்காடி மூடிய பிறகு ஓர் இரவு முழுக்க, அதற்கு முன் சாயமேற்ற இரண்டு நாள், வாரம் ஒருமுறை வந்து சரிசெய்வது, கடைசியில் அள்ளிச் சுத்தம் செய்வது. இவை ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக விலைப்புள்ளித் தாளில் இருக்க வேண்டும்.

கேள்வி: ஒரு நிறுவனத்துக்குத் தீபாவளி வாழ்த்து அட்டைக்காக ஆறு படம் வரைந்து கொடுத்தேன். வாட்ஸ்அப்பில் பேசியதுதான், ஒப்பந்தம் இல்லை. இப்போது அதே படங்கள் அவர்களுடைய பை, குவளை எல்லாவற்றிலும் இருக்கின்றன. படம் என்னுடையதுதானே?
— வாசகர், கோலாலம்பூர்

பதில்: சட்டத்தின் இயல்பு நிலை உங்களுக்குச் சாதகமாக இல்லை. மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987-இன் 26ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டு வரைவித்த படைப்பின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாதவரை, வரையச் சொன்னவருக்கே மாறியதாகக் கருதப்படும். வேறு சில நாடுகளில் நிலைமை வேறு. அந்த நாட்டு விளக்கங்களைப் படித்துவிட்டு இங்கே நம்பிக்கையோடு இருப்பவர்கள் பலர்.

ஆனால் அந்த "வேறு உடன்பாடு" என்ற சொல்தான் உங்கள் பிடி. பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் எடுத்து வையுங்கள். அட்டைக்கு மட்டும் என்று எங்கேயாவது எழுதியிருந்தால், அதோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். பெயரை நீக்கியிருந்தாலோ படத்தைச் சிதைத்திருந்தாலோ 25ஆம் பிரிவின் கீழ் படைப்பாளிக்குத் தனி உரிமை உண்டு. பதிப்புரிமை கைமாறினாலும் அது போகாது.

அடுத்த வேலைக்கு ஒரே ஒரு பக்கம் போதும். எந்தப் படங்கள், எத்தனை, எதில் பயன்படுத்தலாம், எத்தனை மாதம், எந்த நாட்டில், எத்தனை முறை திருத்தம், பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும் என்ற வரி, இரு தரப்புக் கையெழுத்து. திருத்தத்தை இரண்டு முறை என்று நிறுத்துங்கள். பணத்தைத் தொடங்கும்போது பாதி, வரைவு ஒப்புக்கொண்டதும் 30 விழுக்காடு, இறுதிக் கோப்பு அனுப்பும் முன் மீதி என்று பிரிப்பது நல்லது. முழுப் பணம் வரும்வரை பெரிய அளவுக் கோப்பைக் கொடுக்காதீர்கள்.

சுவரோவியர்களுக்கும் ஒரு சொல். பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் நிரந்தரமாக இருக்கும் ஓவியத்தை நகலெடுத்துப் பரப்புவதற்கு 13ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. தெருச் சுவரில் வரைந்ததைப் பிறர் அஞ்சலட்டையாக்கினால் தடுப்பது கடினம். அந்த இழப்பையும் கணக்கில் வைத்தே தெருச் சுவருக்கு விலை சொல்லுங்கள்.

கேள்வி: ஓவியம், லினோ அச்சு (லினோலியத் தகட்டில் வெட்டி எடுக்கும் அச்சு), பரதம், குறும்படம் என எல்லாம் செய்கிறேன். காட்சிக்கூடத்தில் "நீங்கள் உண்மையில் யார்?" என்று கேட்கிறார்கள். எதையாவது விட வேண்டுமா?
— வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: விட வேண்டாம். லத்தீஃப் மொஹிதின் ஓவியராகவும் கவிஞராகவும் இருந்தே இந்நாட்டின் முன்னணிக் கலைஞரானார். இப்ராஹிம் ஹுசேன் அச்சையும் ஒட்டோவியத்தையும் சேர்த்து, அந்த முறைக்குப் "பிரிண்டேஜ்" என்று தாமே பெயர் வைத்தார். நடனக் கலைஞர் ராம்லி இப்ராஹிம் 1983-ல் தொடங்கிய சூத்ரா நடனக் குழு, தித்திவங்சாவில் ஆடரங்கத்தோடு ஓவியக் காட்சிக்கூடத்தையும் வைத்திருக்கிறது. இவர்களில் எவரும் "எல்லாம் செய்வேன்" என்று ஒரு பட்டியலோடு வரவில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எதைக் கொண்டுபோகிறார்கள் என்பது படைப்பைப் பார்த்தாலே தெரியும்.

உங்கள் தொகுப்பில் துறைவாரியாகப் பிரிக்காதீர்கள். பொருள்வாரியாகப் பிரியுங்கள். உதாரணமாக, அடவில் (பரதத்தின் அடிப்படை அசைவில்) கால் தரையை மிதிக்கும் விதமும் லினோவில் நீங்கள் வெட்டும் கோடும் ஒரே தாளத்தில் இருந்தால், அந்த இரண்டையும் அடுத்தடுத்த பக்கத்தில் வையுங்கள். மொத்தம் 12 பக்கம் போதும். ஒவ்வொரு படத்தின் கீழும் தலைப்பு, ஆண்டு, பொருள், உயரம் பெருக்கல் அகலம் சென்டிமீட்டரில். அச்சென்றால் 20-இல் மூன்றாவது என்பது போலப் பிரதி எண்ணும் வேண்டும். நடனத்துக்கு வெட்டு ஒட்டு இல்லாத, முழு உடலும் தெரியும் 90 விநாடிக் காணொளி. இசைக்கு ஏற்ப வெட்டிய விளம்பரத் துண்டு தேர்வாளருக்கு உதவாது, காலே தெரியாது.

ஓவியத்தைப் படமெடுக்கும்போது சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றுங்கள். ஒரே வகை விளக்கு இரண்டு, படத்துக்கு இருபுறமும் 45 பாகையில். கேமரா படத்தின் நடு உயரத்தில், முக்காலியில், ஒளியுணர்வு அளவு ஐஎஸ்ஓ 100. அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். வெள்ளைக் குழல்விளக்கும் மஞ்சள் விளக்கும் கலந்தால் தாளின் வெண்மை ஒரு பக்கம் நீலமாகவும் மறு பக்கம் மஞ்சளாகவும் வரும், அதைக் கணினியில் சரிசெய்வது பெரும்பாடு.

கேள்வி: நீர்வண்ணம் வரைபவன் நான். பத்தேக் தொடங்கினேன். மெழுகுக் கோட்டைத் தாண்டிச் சாயம் கசிகிறது. துவைத்தால் பாதி நிறம் போய்விடுகிறது.
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இரண்டும் தனித்தனிக் கோளாறு.

கசிவுக்குப் பெரும்பாலும் மெழுகின் சூடுதான் காரணம். சாந்திங்கால் (உருகிய மெழுகு ஊற்றிக் கோடு இழுக்கும் கருவியால்) ஒரு கோடு இழுத்துத் துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்புறமும் கோடு கண்ணாடி போலத் தெளிவாகத் தெரிய வேண்டும். மேலே வெண்மையாகத் திரண்டு நின்றால் சூடு போதவில்லை, மெழுகு நூலுக்குள் இறங்கவில்லை. கோடு தானாக அகன்றால் சூடு மிகை. புகை கிளம்பினால் உடனே அடுப்பை அணையுங்கள். மெழுகு தீப்பிடித்தால் மூடியால் மூட வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது. வெறும் பாரஃபின் வெடித்து விரிசல் விடும். இரண்டு பங்கு பாரஃபினுக்கு ஒரு பங்கு தேன்மெழுகும் கொஞ்சம் டாமர் பிசினும் சேர்த்துத் தொடங்கிப் பாருங்கள். புதுத் துணியில் கஞ்சி இருந்தாலும் மெழுகு இறங்காது. முதலில் வெந்நீரில் அலசிக் காய வையுங்கள்.

அடுத்தது உங்கள் தூரிகைப் பழக்கம். நீர்வண்ணத்தில் விளிம்பிலிருந்து உள்ளே இழுப்பீர்கள். இங்கே நடுவில் சாயத்தை வைத்து, அது தானாகக் கோடு வரை நடந்து போக விட வேண்டும். டிஷ்யூவால் ஒற்றி எடுத்துத் திருத்தவும் முடியாது. துணி குடித்தது குடித்ததுதான்.

நிறம் போவதற்குக் காரணம் நிலைநிறுத்தும் முறை. பத்தேக்குக்குப் பயன்படுத்தும் ரெமசோல் சாயம் முழுதும் காய்ந்த பிறகே, நிறத்தை நிலைநிறுத்தும் சோடியம் சிலிகேட்டைப் பூச வேண்டும். ஈரமாக இருக்கும்போது பூசினால் அதுவே சாயத்தை இழுத்துக்கொண்டு ஓடும். பூசியதை ஓரிரவு விடுங்கள். மறுநாள் வழுவழுப்பு நீங்கும் வரை பச்சைத் தண்ணீரில் பலமுறை அலசி, அதன் பிறகே சோடா ஆஷ் (சலவைச் சோடா) போட்ட கொதிநீரில் மெழுகை எடுங்கள். மிதக்கும் மெழுகை அள்ளிச் சேமியுங்கள், சாக்கடையில் ஊற்றினால் குழாய் அடைத்துவிடும். 1950களில் பினாங்கில் ஓவியர் சுவா தியன் தெங் இந்த மெழுகையும் சாயத்தையும் சட்டமிட்ட ஓவியமாக உயர்த்தினார். அவருடைய துணிகளில் மெழுகுக் கோடு எப்படி உருவங்களைப் பிரித்து நிறுத்துகிறது என்பதை நீர்வண்ணக்காரர் ஒருவர் நேரில் பார்ப்பது நூறு குறிப்புக்குச் சமம்.

கேள்வி: அடுக்குமாடி வீட்டில் மாட்டிய லினோ அச்சுகளில் பழுப்புப் புள்ளி வருகிறது.
— வாசகி, செராஸ்

பதில்: பூசணம். வெளிச்சுவரிலும் குளியலறைச் சுவரிலும் மாட்டாதீர்கள். சட்டத்தின் பின்புறக் கீழ்மூலைகளில் சிறு ரப்பர் குமிழ் ஒட்டினால் காற்று ஓடும். தாள் கண்ணாடியைத் தொடாமல் அமிலமற்ற அட்டை இடையில் இருக்க வேண்டும். அறை ஈரப்பதத்தை 60 விழுக்காட்டுக்குக் கீழே வைக்க ஈரநீக்கி உதவும். எண்ணெய் மை நம் காற்றில் மெதுவாகத்தான் காயும், ஒரு வாரமாவது தொங்கவிட்ட பிறகு சட்டமிடுங்கள். வந்துவிட்ட புள்ளியை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், பரவும்.

கேள்வி: கோலம், சுவரோவியம், வகுப்பு என்று மூன்று வழியில் வருமானம். மூன்று நிறுவனமாகப் பதிய வேண்டுமா?
— வாசகர், கோலாலம்பூர்

பதில்: வேண்டாம். ஒரே வணிகப் பதிவில் மூன்று நடவடிக்கையையும் குறிப்பிடலாம். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் பதிய வேண்டும். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரிலேயே என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், தனி வணிகப் பெயர் என்றால் 60 ரிங்கிட். மூன்று வருமானத்துக்கும் மூன்று நோட்டு வையுங்கள். எது உண்மையில் சோறு போடுகிறது என்பது ஆண்டு முடிவில் அப்போதுதான் தெரியும். ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருப்பது வரிச் சட்டம் கேட்பது. வெப்பத்தாளில் அச்சான ரசீது ஓராண்டிலேயே மங்கிவிடும் என்பதால் வாங்கிய அன்றே படமெடுத்து வைத்துவிடுங்கள்.